ராயபுரத்தில் இறங்குங்கள்

சென்னைக்கு விருந்தாளி வந்தால் எல்லோரும் சென்ட்ரல் மணிக்கூண்டைக் காட்டுவார்கள். கொஞ்சம் ரசனை உள்ளவர்கள் எழும்பூரின் சிவப்புக் கட்டடத்தைக் காட்டுவார்கள். நான் ராயபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன். "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டபடியேதான் வருவார்கள். அந்த வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் கேள்வி நின்றுவிடும். சென்ட்ரல் 1873இல் வந்தது, எழும்பூர் 1908இல். ராயபுரமோ 1856! தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது இங்கிருந்துதான். நாட்டின் முதல் ரயில் நின்ற பம்பாய்ப் போரிபந்தரும் தாணேயும் அன்றைய உருவில் இன்று இல்லை. போரிபந்தர் இருந்த இடத்தில் பிறகு விக்டோரியா டெர்மினஸ் எழுந்துவிட்டது. ஹௌராவின் முதல் கொட்டகையும் போன இடம் தெரியாது. ஆகவே இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது நம்ம ராயபுரம். வெறுமனே நிற்கவில்லை, வேலையும் செய்கிறது. இதைவிடப் பெருமை ஒரு ஊருக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்!

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் இதுதான். கைப்பேசியைப் பையிலிருந்து எடுப்பதற்குள் வந்துவிடும், எடுத்து முடிப்பதற்குள் போய்விடும். தினமும் இந்த வழியில் போகிறவர்களில் பாதிப்பேர் தலையைக்கூடத் திருப்புவதில்லை. வண்டி நிற்கும் அந்தச் சில நொடிகளில் ஏறி இறங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு போகிறவர்கள், ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருக்கும் மகளைப் பார்க்க வந்த அம்மாக்கள், காசிமேட்டு மீனை ஏற்றிக்கொண்டு உள்ளூர்ப் பக்கம் போகிற கூடைக்காரப் பெண்கள். இவர்களுக்கு இது ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். சரித்திரச் சின்னம் என்று கயிறு கட்டி மூடிவைக்காமல் ஜனங்கள் புழங்கும் இடமாக விட்டிருக்கிறார்களே, அதுவே எனக்குத் தனிச் சந்தோஷம்.

பழைய கட்டடத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். செங்காவிச் சுவர், அதற்கு முன்னால் வரிசையாக உயரமான வெள்ளைத் தூண்கள், நீளமான முகப்பு. இந்தோ சாரசெனிக் குவிமாடம் எதுவும் கிடையாது, மணிக்கூண்டு கிடையாது. அந்தப் பாணியெல்லாம் மெட்ராஸில் பரவியது பின்னால்தான். இது அதற்கு முந்திய காலத்துக் கம்பெனிக் கட்டடம். ஏதோ கவர்னர் மாளிகைக்கு வழி தவறி வந்துவிட்டோமோ என்று தோன்றும். ரயில் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரில் முன்மாதிரியே இல்லாத நேரம். தெரிந்த பிரம்மாண்டத்தைத் தூக்கித் தண்டவாளத்தின் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி ட்ரேசி என்ற பொறியாளர். திறந்த ஆண்டிலேயே லண்டனின் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகை இதைப் படம் போட்டுக் கொண்டாடியது. பத்திரிகையில் போட்டோ அச்சிட முடியாத காலம் அது, ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

நானும் வரைவேன் என்று நினைத்துவிடாதீர்கள், செல்போனில் படம் எடுக்கிறவன்தான். அப்படி ஒருநாள் ஒவ்வொரு தூணாக எடுத்துக்கொண்டிருந்தபோது மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு இளைப்பாறிய ஆயா ஒருவர் என்னை வெகுநேரம் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா தம்பி, செவுத்தையே சுத்திச் சுத்தி வர்ற? இன்னா இருக்குது அதுல?"

"ரொம்பப் பழைய ஸ்டேஷன் ஆயா. நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"நானுந்தான் பழசு. என்னிய எவன் படம் புடிச்சான்?"

நியாயமான கேள்வி. தூணோரம் நிற்கச் சொல்லி எடுத்தேன். "கூடை வுழாம எடு" என்றார். எடுத்துக் காட்டியதும், "ஸ்டேஷனு நல்லாத்தான் கீது, நான்தான் கறுத்துட்டேன்" என்று சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் கைப்பேசியில் இருக்கும் ராயபுரப் படங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

சரி, ஏன் ராயபுரம்? இந்தக் கேள்விக்குள் இறங்கினால்தான் உண்மையான சுவை தட்டும். 1850களில் மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது! கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டை முடிச்சானாலும் துரைமார் ஆனாலும் மசூலாப் படகில் ஏறி, அலையில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டு, பாதி நனைந்துதான் கரை சேர வேண்டும். கடலுக்குள் இரும்புத் தூண்கள் நட்ட பாலமே 1860களின் தொடக்கத்தில்தான் வந்தது. துறைமுகத்துக்கு 1870களில் சுவர் எழுப்ப ஆரம்பித்தால், 1881 புயல் வந்து அதையும் உடைத்துப் போட்டது. ரயில் எஞ்சினும் தண்டவாளமும் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், வந்து இறங்குவதோ இப்படியொரு கரையில். சரக்கு இறங்கும் கரையும் அதை வாங்கி விற்கும் வியாபாரிகளும் இருந்தது கருப்பர் நகரம் என்று அன்று அழைத்த ஜார்ஜ் டவுன் பக்கம். அதன் வடக்கு மதிலைத் தாண்டினால் ராயபுரம். கப்பலிலிருந்து இறங்கியதை நேராக ரயிலில் ஏற்ற இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்? அந்த மதிலில் மிச்சம் இருக்கும் ஒரு துண்டும் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அதன் மேல் பூங்கா வைத்து 'மாடிப் பூங்கா' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனைப் பார்த்தபின் அதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள், கதையின் முதல் பாதி அங்கேதான் இருக்கிறது.

1853இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி வேலையைத் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்ளே புரூஸ். கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கும் வழக்கம் இருந்த அந்தக் காலத்தில், விருப்பப்பட்டு வருகிற ஆட்களுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்கியவர் என்பதால் இவர்மேல் எனக்குத் தனி மரியாதை. மூன்றே ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அகலப் பாதை போட்டு முடித்தார்கள். ஜல்லி உடைத்ததும் மண் சுமந்ததும் நம் ஜனங்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இன்று எங்கள் தெரு முனையில் ஒரு மழைநீர்க் கால்வாய் முடிய எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்தால் அந்த மூன்று ஆண்டுக்கு ஒரு பெரிய கும்பிடு போடத் தோன்றுகிறது.

1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். (இவருடைய மகன்தான் பின்னாளில் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைவராகவும் பம்பாய்க்குக் கவர்னராகவும் இருந்த ஹாரிஸ். அப்பா ரயிலில் முந்திக்கொண்டார்.) பயணிகள் சேவை ஜூலை 1 முதல். பெட்டிகள் நம்ம மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி செய்தவை. குதிரை வண்டிகள் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ரயில் பெட்டியும் கட்டினார்கள். பம்பாய் 1853, கல்கத்தா 1854, மூன்றாவதாக மெட்ராஸ். இந்த வரிசையில் நாம் மூன்றாவது என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் நான் உடனே செங்குன்றத்தை இழுப்பேன். சாலை போடும் கல்லைச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கொண்டுவர 1837இலேயே அங்கே தண்டவாளம் இருந்தது. பயணிகள் போகவில்லை, சரி. ஆனாலும் முதல் தண்டவாளம் நம்முடையது! இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அதற்குப் பிறகு ராயபுரத்துக்கு வந்தது ராஜயோகம். பாதை மேற்கே நீண்டுகொண்டே போய் 1860களின் தொடக்கத்தில் மலபார்க் கரையில் பேப்பூர் பக்கம் போய்ச் சேர்ந்தது. யோசித்துப் பாருங்கள், வங்கக் கடலோரம் ஏறி அரபிக் கடலோரம் இறங்கலாம்! அதுவரை வாரக்கணக்கில் மாட்டுவண்டியில் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியவர்களுக்கு இது என்ன மாயமாக இருந்திருக்கும். 1864இல் பெங்களூருக்குக் கிளை. 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கைகோத்தது. இத்தனைக்கும் மெட்ராஸ் வாசல் ராயபுரம்தான். ஊட்டிக்குப் போகும் துரையும், பெங்களூர் தண்டுக்குப் போகும் சிப்பாயும், கோயமுத்தூர்ப் பஞ்சு வாங்கப் போகும் செட்டியாரும் இந்தத் தூண்களுக்கு நடுவில்தான் மூட்டையோடு காத்துக்கிடந்திருக்க வேண்டும்.

பிறகு சென்ட்ரல் வந்தது. கோட்டைக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் பக்கம், இடமும் தாராளம். பயணிகள் மெல்ல மெல்ல அங்கே போய்விட்டார்கள். ராயபுரத்துக்குச் சரக்கும் அலுவலகமும் மிஞ்சின. மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் இங்கே இருந்தது. 1922இல் பார்க் டவுனில் இன்று தெற்கு ரயில்வே இருக்கும் அந்த அரண்மனை எழுந்ததும் அதுவும் கிளம்பிவிட்டது. அப்புறம் பல பத்தாண்டுகள் இந்தக் கட்டடத்தை யாரும் சீந்தவில்லை. கூரை ஒழுகியது, சுவரில் மரம் முளைத்தது. எஸ். முத்தையா போன்ற ஊர் வரலாற்றுக்காரர்கள் விடாமல் எழுதினார்கள், ரயில் ஆர்வலர்கள் மனு மேல் மனுவாகப் போட்டார்கள். ஒருவழியாகப் புதுப்பித்து, 2005 அக்டோபர் 2 அன்று அப்போதைய ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் திறந்து வைத்தார். முகப்பை ஒழுங்காக்கிவிட்டார்கள், சுற்றியிருக்கும் பழைய சரக்குக் கிடங்குகளையும் அப்படிப் பார்த்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது என் பேராசை. ராயபுரத்தைத் திரும்பவும் பெரிய முனையமாக்க வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் வெகுகாலமாகக் கேட்டுவருகிறார்கள். அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். என் ஓட்டு அவர்களுக்குத்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னது பழம்பெருமை. எனக்குத் தலைகால் புரியாமல் போவது இனிமேல் சொல்லப்போகிற விஷயத்தில்தான். அடுத்த முறை சென்ட்ரலில் நீண்டதூர ரயில் ஏறும்போது, நேராகப் பெட்டிக்குப் போகாமல் முன்னால் நடந்துபோய் எஞ்சினைப் பாருங்கள். பக்கவாட்டில் எண்ணுக்கு அருகே எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். பல வண்டிகளில் அது 'ராயபுரம்' என்றோ 'ஆர்.பி.எம்.' என்றோ இருக்கும். ஆமாம், நிலையத்தை ஒட்டியே ஒரு பெரிய மின்சார எஞ்சின் பணிமனை இருக்கிறது. டபிள்யூ.ஏ.பி. 7 என்கிற ரகம், 6,000 குதிரைத் திறனுக்கு மேல், இருபத்து நான்கு பெட்டிகளை அநாயாசமாக இழுக்கிற அசுரன்கள், அங்கேதான் குளித்து, சாப்பிட்டு, வைத்தியம் பார்த்துக்கொண்டு கிளம்புகின்றன. ரயில் பைத்தியங்களான எங்கள் கூட்டத்தில் 'ஆர்.பி.எம். செவன்' என்று சொன்னாலே கண் விரியும். வடக்கே ஏதோ ஒரு பெயர் தெரியாத ஊரில், குளிரில் நடுங்கிக்கொண்டு டீ குடிக்கும்போது எதிர்த் தடத்தில் ராயபுரம் என்று எழுதிய எஞ்சின் ஒன்று தடதடவென்று கடந்து போனது. நான் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் பயந்துவிட்டார். மின்சார ரயில் மட்டும் நிற்கிற இத்தனூண்டு ஸ்டேஷன், தன் பெயரை எஞ்சின் மேல் எழுதி நாடு முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கிறது. சென்ட்ரலுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது!

இன்னொரு பைத்தியக்காரத்தனத்தையும் சிபாரிசு செய்கிறேன். 1856இன் அந்த முதல் பயணத்தை இன்றைக்கும் போகலாம். கடற்கரையிலிருந்து வரும் அரக்கோணம் வண்டியை ராயபுரத்தில் பிடியுங்கள். வண்ணாரப்பேட்டை தாண்டியதும் பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளங்கள் அவிழ்த்துவிட்ட சடைபோலப் பிரிந்து பிரிந்து ஓடும். அங்கே ஜன்னலை விட்டு நகராதீர்கள். வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர். பெரம்பூர்ப் பணிமனைக்கும் ராயபுரத்து வயதுதான், அதுவும் 1856. கொஞ்ச தூரத்தில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை. 1955இல் நேரு தொடங்கிவைத்தது. இங்கிலாந்திலிருந்து எஞ்சின் வரவழைத்த பாதையின் ஓரத்திலேயே, நூறே ஆண்டுக்குள் நாமே பெட்டி செய்ய ஆரம்பித்து, பிறகு உலகுக்கும் விற்றோம். வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வரை ஜன நெரிசலும் தொழிற்சாலைகளும். நிற்க இடம் இருந்தால் பெரிது. பட்டாபிராம் தாண்டியதும் காற்று மாறும்.

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள். தை அமாவாசைக்குக் கூட்டம் எகிறும். ரயில் வந்த நாளிலிருந்து கம்பெனிக்கு நல்ல வருமானம் கொடுத்தவர்களில் பெருமாளும் ஒருவர் என்பது என் துணிபு. கடம்பத்தூர், மணவூர், பிறகு திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து ஈசனைக் காணப் போனார் என்கிறது புராணம்; நாம் ஜன்னலோர இருக்கையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு அவர் இருக்கும் ஊரைக் கடக்கிறோம். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அரக்கோணத்தில் இறங்கி, காட்பாடி பக்கம் போகிற பாசஞ்சர் எதையாவது பிடித்துக்கொண்டால் சோளிங்கபுரம் தாண்டி வாலாஜா ரோடு. ராணிப்பேட்டைக்குப் பக்கத்து நிலையம், ஆற்காட்டு நவாபின் பழைய சீமை. அந்த நடைமேடையில் கால் வைத்ததும் நான் சின்னப் பையனைப்போலக் குதித்தேன், அதை மறைப்பதற்கில்லை. கூட வந்திருந்த மைத்துனர் மட்டும், "மாமா, இதுக்கு நேரா ஏதாவது எக்ஸ்பிரஸ்ல காட்பாடி போயிருந்தா பிரியாணியாவது சாப்பிட்டிருக்கலாமே" என்றார். சிலருக்குச் சரித்திரம் வயிற்றில்தான் இறங்கும்.

அப்படிப்பட்டவர்களுக்கும் ராயபுரத்தில் வழி இருக்கிறது. ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தால் படகுக்காரச் சமூகம் 1829இல் கட்டிய இராயப்பர் தேவாலயம். அதே வட்டாரத்தில், 1910இல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில், தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான். பார்சி அல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். மசூதிகளும் அம்மன் கோயில்களும் மூலைக்கு மூலை. கடல் வழியாகவும் ரயில் வழியாகவும் வந்தவர்கள் எல்லோரும் இந்தத் தெருக்களில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் திரும்பும்போது ஒரு நிறுத்தம் தள்ளிக் கடற்கரையில் இறங்கி, பர்மா பஜார் பின்பக்கம் இரண்டாவது கடற்கரைச் சாலைக்குப் போனால் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பிய நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பும் வெங்காயம் திணித்த முட்டையும். என் மைத்துனர் சமாதானமானது அங்கேதான்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். காலையிலேயே போங்கள், வெயில் ஏறிவிட்டால் வெள்ளைத் தூண்கள் கண்ணைக் கூசவைக்கும், படமும் வெளுத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம் குறைவு, ஆனால் வண்டிகளும் குறைவு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ரயில் ஏதாவது ஊர்ந்து வந்தால் அதை வேடிக்கை பார்த்தே பொழுதைப் போக்கிவிடலாம். சுற்றிப் பார்க்கத்தானே வந்தோம் என்று டிக்கெட் இல்லாமல் நடைமேடையில் திரியாதீர்கள். பரிசோதகரிடம் 1856 கதையைச் சொன்னால் அபராதம் குறையாது.